புடவை அறைக்கு வெளிச்சம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது உரக்கச் சொல்கிற கதை இல்லை. சுவருக்குள் இருக்கிற கதை. சத்தம் போட்டால் இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

வேலாந்துறையில் வத்தல் மண்டி வைத்திருந்த வைரவநாதன் ஒருநாள் காலையில் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனார். அறுபத்திரண்டு வயது மனிதர். செருப்பைக் கழற்ற வேண்டுமா, வேண்டாமா என்று தெரியாமல் ஒரு காலில் மட்டும் கழற்றிவிட்டு நின்றார்.

அது கோயிலும் இல்லை, மடமும் இல்லை. கடலோரத்தில் ஒரு கிளிஞ்சல் குவியல், நாலு கரி மூட்டை, புகை. நடுவில் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு பெண். பெயர் பூரணம். நாற்பது வயதிருக்கும். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவாள். தை பிறக்கும் முன்னால் ஊர்ச் சுவர்களுக்கு வெள்ளை அடிப்பாள்.

ஊரில் யாருக்காவது மனசில் முடிச்சு விழுந்தால் அவளிடம்தான் போவார்கள். அவள் உபதேசம் செய்ய மாட்டாள். ஒரு வேலை சொல்வாள். செய்துவிட்டு வந்தால் இன்னொரு வேலை சொல்வாள். நடுவில் எங்கேயோ முடிச்சு அவிழ்ந்திருக்கும். இல்லையென்றால் இன்னும் இறுகியிருக்கும். இரண்டும் நடந்ததுண்டு.

"என் வீட்டில ஒரு அறை இருட்டா இருக்கும்மா" என்றார் வைரவநாதன். "அதுக்குப் பகல் வெளிச்சம் வேணும்."

"கொத்தனார்கிட்டப் போங்க ஐயா."

"மூணு பேர் வந்து பார்த்தாச்சு."

வந்தது உண்மைதான். முதல் கொத்தனார் கூரையில் கண்ணாடி ஓடு பதித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணாந்து பார்த்தார். மேலே மாடி இருந்தது. இரண்டாமவர் நடையில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் வாசல் வெளிச்சம் உள்ளே திரும்பும் என்றார். வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சம் திரும்பவில்லை. அறையின் இருட்டுதான் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாமவர் விவரமானவர். நாலு சுவரையும் தட்டிப் பார்த்தார். தெருச்சுவரை உடைத்தால் அரைநாள் வேலை, உடைக்காவிட்டால் சிம்னி விளக்குதான் என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"அவர் சொன்னது சரிதானே" என்றாள் பூரணம்.

"தெருச்சுவரைத் தொடக்கூடாது. அது மட்டும் ஆகாது."

"ஏன்?"

"தெரு உள்ளே பார்க்கும்."

"உள்ளே என்ன இருக்கு?"

"புடவை. என் வீட்டுக்காரி புடவை. ஆள் உள்ளே போய் நடமாடுற அறைம்மா அது. மூணு பக்கமும் தரையிலிருந்து உத்திரம் வரைக்கும் பலகைத் தட்டு. இந்த ஊர்ல எந்தப் பொம்பளைக்கு அப்படி ஒரு அறை இருக்கு?"

பூரணம் சுட்ட கிளிஞ்சல்மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். அது சீறியது. நெருப்பே இல்லாமல் கொதித்தது. வைரவநாதன் ஓரடி பின்னால் போனார்.

"அந்தம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகுதே ஐயா" என்றாள். "இப்ப யாருக்கு வெளிச்சம்?"

அதற்குப் பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார்.

அவர் மனைவி தையல்நாயகி நாற்பது நாள் படுத்துக் கிடந்து போன மாசியில் கண்மூடினாள். கடைசி நாள் காலையில் அவரைக் கூப்பிட்டாள். "அந்தப் பச்சையைக் கட்டி அனுப்புங்க" என்றாள். அவ்வளவுதான். இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில், கொண்டை ஊசியைத் தவிர, அவள் வாய்விட்டு அவரிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அவள் மூச்சு அடங்கியதும் அவரே விளக்கை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனார். வேறு யாரையும் விடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அடர்பச்சையும் அடர்நீலமும் அக்கா தங்கை மாதிரி. அவர் ஒரு பட்டுப் புடவையை எடுத்தார். விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பச்சை என்றுதான் பட்டது. சத்தியமாகப் பச்சை என்றுதான் பட்டது.

பெண்கள் நடுவீட்டில் வைத்துக் கட்டினார்கள். அங்கேயும் இருட்டு, போதாததற்குக் கண்ணீர் வேறு. பாடையில் வைத்துத் தூக்கித் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். உச்சி வெயில் அவள்மேல் விழுந்தது.

ஒப்பாரி ஒரு நொடி நின்றுபோனது.

மகள் கோமளவல்லி கிட்டே வந்தாள். அழுகைகூட இல்லை அவளுக்கு. "அப்பா, இது நீலம்" என்றாள்.

தூக்கிய பாடையை வாசலில் மறுபடி இறக்குகிற வழக்கம் இல்லை. தையல்நாயகி நீலத்திலேயே போனாள்.

பதினாறாம் நாள் முடிந்ததும் கோமளவல்லி புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். படியில் இறங்கி நின்று சொன்னாள். "அம்மா அறையில விளக்கு இல்லாம பச்சை எது, நீலம் எதுன்னு தெரியற அன்னிக்கு ஆள் அனுப்புங்க. அதுவரைக்கும் இந்தப் படி ஏற மாட்டேன்."

சொன்னபடியே ஏறவில்லை.

அன்றோடு சேர்த்து ஒன்பதாம் நாள் வருஷம் திரும்புகிறது. பூவும் பொட்டுமாகப் போனவளுக்கு அந்த நாளில் அவள் புடவை ஒன்றைப் பலகையில் வைத்து, பூச்சூட்டிக் கும்பிடுவார்கள். கும்பிட்ட புடவையை வீட்டில் பிறந்த பெண் எடுத்து உடுத்த வேண்டும். எடுக்க ஆள் இல்லாமல் புடவை பலகையிலேயே கிடந்தால், போனவள் வாசலிலேயே நிற்கிறாள், உள்ளே யாரும் கூப்பிடவில்லை என்று அர்த்தம்.

"புடவையெல்லாம் வெளியே எடுத்துட்டு வந்து வெயில்ல பார்த்தா பச்சை தெரிஞ்சுடுமே" என்றாள் பூரணம்.

"தெரியும். மகள் கேட்டது அறைக்குள்ளே."

பூரணம் வாய்த்துணியை அவிழ்த்து உதறினாள். மறுநாள் காலை விளக்கு எடுக்காமல் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உச்சிவரை உட்காரச் சொன்னாள். என்ன தெரிந்தது என்று வந்து சொல்லச் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் அவர் வந்தார்.

"ஒண்ணும் தெரியலை."

"வேற?"

"வாசனை வந்துச்சு. வெட்டிவேர். அந்துருண்டை." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ."

"அழுதீங்களா?"

"அது உனக்கெதுக்கு?"

"சும்மா கேட்டேன். நாளைக்குக் கையால பாருங்க."

மூன்றாம் நாள் அவர் நொண்டிக்கொண்டு வந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது.

தட்டுத் தட்டாகத் தடவினாராம். எல்லாப் புடவையும் ஒரே மாதிரி குளிர்ச்சியாக இருந்ததாம். திரும்பும்போது ஒரு முக்காலியில் இடித்துக்கொண்டு விழுந்தாராம். விழுந்த இடத்தில் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. மடியிலிருந்து எடுத்து நீட்டினார். கொண்டை ஊசிகள். ஒரு கை நிறைய. அத்தனையும் வளைந்தவை.

"ஒரு தலைக்கு எத்தனை ஊசிடி வேணும்னு கேலி பண்ணுவேன்" என்றார். "மாசம் ஒரு கட்டு வாங்குவா."

"முக்காலி எந்தப் பக்கம் கிடந்துச்சு?"

"தெருச்சுவர்ப் பக்கம்."

"அந்தச் சுவர்ல தட்டு இருக்கா?"

"இல்லை. மூணு பக்கம்தான் தட்டு. அது வெறும் சுவர்."

"வெறும் சுவருக்கு முன்னால யாராவது முக்காலி போட்டு உட்காருவாங்களா ஐயா?"

வைரவநாதனுக்கு முகம் சிவந்தது. வெளிச்சம் கேட்டு வந்தால் முக்காலிக்குக் கணக்குக் கேட்கிறாயா என்றார். சுண்ணாம்பு சுடுகிறவளிடம் வந்து நின்றது தன் புத்திக்கேடு என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். பூரணம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கரியைக் கிளறினாள். அவர் கிளம்பிய வேகத்தில் செருப்பு இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் வரவில்லை. அவளும் செருப்பைக் கொடுத்தனுப்பவில்லை.

ஆறாம் நாள் வெறுங்காலோடு வந்தார். மணல் சுட்டது. சுட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் ஒரு கரி மூட்டைமேல் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி. அதைப் பற்றியும் கவலைப்படவில்லை.

"அங்கே ஒரு ஜன்னல் இருந்துச்சு" என்றார்.

பூரணம் கரி கிளறுவதை நிறுத்தினாள்.

"நான்தான் அடைச்சேன்."

அப்போது கல்யாணமாகி மூன்று மாசம். அவர் வீடும் மண்டியும் எதிரெதிரே, நடுவில் தெரு. ஒருநாள் மண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு ஆடு வந்து அவர் தோளில் கிடந்த துண்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. அவர் விரட்டினார். வேட்டி தடுக்கியது. ஒரு கையில் வேட்டியையும் ஒரு கையில் ஆட்டின் வாலையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது வீட்டு ஜன்னலைப் பார்த்தார். தையல்நாயகி நின்றிருந்தாள். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பச்சைப் புடவை கட்டியிருந்தாள். வாயைப் பொத்தாமல், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. திரும்பினால், மண்டிக்கு அடுத்த தையற்கடையில் புதிதாக வந்த தையற்காரன், இளவட்டம், அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சிரிச்சாங்க" என்றார் வைரவநாதன். "அது எனக்குள்ள போயிடுச்சு."

வெளியூரிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். ஒரே நாளில் ஜன்னலை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்துப் பூசியாகிவிட்டது. தச்சன் வந்து தட்டு அடித்தான். உனக்கென்று ஒரு அறை செய்திருக்கிறேன் என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பட்டுக்கு வெயில் ஆகாது, சாயம் போய்விடும் என்று காரணமும் சொன்னார். அவள் உள்ளே நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நிறையத் தட்டு இருக்கு" என்றாள்.

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அவர் தீபாவளிக்கு ஒரு பட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தட்டு நிறைந்துகொண்டே வந்தது. ஊர்ப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போனார்கள். அவளுக்கென்ன, மகராசி என்றார்கள்.

பூரணம் ஒரு கிளிஞ்சலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தையற்காரர் எதைப் பார்த்துச் சிரிச்சார் ஐயா?"

வைரவநாதன் சுட்டுப்போன பாதத்தைத் தடவினார்.

"அவரைக் கேட்டீங்களா?"

"இல்லை."

"அந்தம்மாவை?"

காளவாய்ப் புகை கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பிறகு, "ஆட்டைத்தானே பார்த்திருப்பாங்க" என்றார். தனக்குத்தானே சொல்வதுபோல இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "என்னைத்தானே" என்றார்.

பூரணம் அவர் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வெயில் சாயற நேரத்துல உள்ளே போங்க. அந்த முக்காலியில சுவரைப் பார்த்து உட்காருங்க. உங்க உசரத்துக்கு இல்லை. அந்தம்மா உசரத்துக்குக் குனிஞ்சுக்குங்க."

ஏழாம் நாள் அப்படியே உட்கார்ந்தார்.

கதவைச் சாத்தியதும் இருட்டு கழுத்துவரை வந்தது. கையை நீட்டினார். பூச்சு வழவழவென்று இருந்தது. அவள் தோள் எவ்வளவு உயரம், கண் எவ்வளவு உயரம் என்று நினைத்துப் பார்த்தார். இருபத்தொன்பது வருஷம் பக்கத்தில் இருந்தவளின் கண் உயரம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. தேடித் தேடி விரல் போனது.

ஓரிடத்தில் வழவழப்பு நின்றுபோனது. ஒரு குழி. குழிக்குள் ஏதோ மெத்தென்று இருந்தது. நகத்தால் பற்றி இழுத்தார்.

வெளிச்சம் வந்தது.

பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு விரல் கனம். அவர் தோளைத் தாண்டிப் போய் எதிர்த்தட்டில் ஒரு வட்டமாக உட்கார்ந்தது. அந்த வட்டத்துக்குள் ஒரு மாம்பழ மஞ்சள் பட்டு, மாம்பழ மஞ்சளாகவே இருந்தது.

கையில் இருந்ததை அந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுருட்டிய பட்டுத் துணி. பச்சை.

செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் காரையைத் தோண்டியிருந்தாள். கொண்டை ஊசியால். எத்தனை மாசமோ, எத்தனை வருஷமோ. அவர் மண்டியில் உட்கார்ந்து வத்தல் தரம் பிரித்துக்கொண்டிருந்த மத்தியானங்களில், இங்கே ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்து சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஊசி வளைந்தால் அடுத்த ஊசி. அதை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

குனிந்து ஓட்டையில் கண்ணை வைத்தார்.

தெரு முழுக்கத் தெரியும் என்று நினைத்தார். தெரியவில்லை. அவ்வளவு சின்ன ஓட்டை. தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். தையற்கடை தெரியவில்லை. கோயில் முனை தெரியவில்லை. எப்படிப் பார்த்தாலும் ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது.

மண்டிக்குள் ஒரு பலகை. பலகைமேல் ஒரு திண்டு. அவர் உட்காரும் இடம்.

இப்போது காலியாக இருந்தது.

வெளிச்சம் சிவந்து, மெலிந்து, போகிறவரை அவர் அந்தக் காலியிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் காலையில் காளவாய்க்குப் போனார். கண் வீங்கியிருந்தது. மடியில் ஒரு பச்சைப் புடவை. ஓட்டை வழியே வந்த காலை வெளிச்சத்தில், தட்டுத் தட்டாக விரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. உள்முந்தியின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கத்தரித்திருந்தது. அடைத்திருந்த துணியை அங்கே வைத்தால் பொருந்தியது.

"உனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும் ஐயா."

"எப்ப இருந்து?"

"உங்க தெருச்சுவருக்குப் பதினோரு வருஷமா நான்தான் வெள்ளை அடிக்கிறேன். முதல் வருஷம் அந்த ஓட்டையை அடைக்கப் போனேன். அந்தம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாங்க. அதை மட்டும் விட்டுடு பூரணம், அதுல ஒரு குளவி குடியிருக்குன்னாங்க. ஒவ்வொரு வருஷமும் மோர். ஒவ்வொரு வருஷமும் குளவி."

"ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"அந்தம்மாவே சொல்லலை. நான் எப்படி ஐயா சொல்றது?"

அவர் செருப்பு இரண்டையும் போட்டுக்கொண்டுதான் திரும்பினார். அன்றைக்கே மகளுக்கு ஆள் அனுப்பினார். பச்சை தெரிகிறது, விளக்கு இல்லை, வா என்று.

ஒன்பதாம் நாள் காலையில் கோமளவல்லி வந்தாள். தெருவில் நின்றாள். படியில் கால் வைக்கவில்லை. உள்ளே கூடத்தில் பலகை போட்டாகிவிட்டது. பலகைமேல் பச்சைப் புடவை, புடவைமேல் மல்லிகைச் சரம். வாசலிலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

பூரணமும் வந்திருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. தோளில் ஒரு கடப்பாரை. வேலைக்குப் போகிற வழியில் நின்றவள்போல எதிர்ப்பக்கம், மண்டி ஓரமாக நின்றாள்.

"உள்ளே வாம்மா" என்றார் வைரவநாதன்.

"அறையில வெளிச்சம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"எது வழியா?"

அவர் தெருவில் இறங்கிவந்து சுவரைக் காட்டினார். ஊருக்கு முன்னால் அந்தச் சுவரைத் தொட்டுக் காட்டுவது அவருக்குச் சுலபமாக இல்லை.

கோமளவல்லி அந்த ஓட்டையைப் பார்த்தாள். புதிதாகப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

"சின்ன வயசுல அம்மா மடியில உட்கார்ந்து நானும் இதுல பார்த்திருக்கேன்" என்றாள். "அப்பா தெரியறாரா, அப்பா என்ன பண்றார்னு கேப்பாங்க. சொல்லுவேன்."

வைரவநாதன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இது அம்மா வச்ச வெளிச்சம்" என்றாள் மகள். "நீங்க வச்சது எங்கே?"

தெருவில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். பூரணம் தெருவைக் கடந்து வந்து கடப்பாரையைச் சுவரோரம் சாய்த்தாள்.

அவர் அதை எடுத்தார். தூக்கினார். இத்தனை வருஷம் எந்தச் சுவரை யாரும் தொடக்கூடாது என்றாரோ, அதன்முன் ஊரெல்லாம் பார்க்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அடிப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கடப்பாரை மேலே போனபடியே நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது.

"முடியலைம்மா" என்றார். மகளிடம் சொன்னாரா, பூரணத்திடம் சொன்னாரா, தெரியவில்லை. "இடிச்சா அவ போட்ட ஓட்டை போயிடும். இந்த வீட்டில நான் வாங்கிக் கொடுத்ததுதான் நிறைய இருக்கு. அவளா செஞ்சது இது ஒண்ணுதான் இருக்கு. இதையும் நான் எப்படி அழிக்கறது? அழிக்கலைன்னா என் பொண்ணு உள்ளே வர மாட்டா. போனவ வாசல்லேயே நிப்பா. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

கோமளவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

பூரணம் கீழே கிடந்த கடப்பாரையை எடுத்தாள். அதன் கூர்முனையை அந்த விரல் கன ஓட்டைக்குள் விட்டாள். அதற்கென்றே செய்து வைத்ததுபோல அது உள்ளே போய் நின்றது. மறுமுனையை அவர் கையில் கொடுத்து, "அந்தம்மா விட்ட இடத்துலேருந்து தோண்டுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, விலகி நின்றாள்.